தூக்கிய வண்டியும் தேயும் டயரும்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் நிறைய, உயரம் கூட்டிய பழைய எஸ்.யூ.வி.க்களின் முன் சக்கரங்களைப் பற்றியவை. தார், ஜிப்ஸி, பழைய ஃபார்ச்சூனர் என்று வண்டிகள் வேறு வேறாக இருந்தாலும் புகார் ஒன்றுதான்: அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணங்களைச் சரிசெய்வது) பார்த்தாச்சு, ஆனாலும் சரியாகவில்லை. அதனால் இந்த இதழின் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: 2014 மாடல் மகிந்திரா தார் சி.ஆர்.டி.இ. வைத்திருக்கிறேன். 245/75 ஆர்16 டயர் போடுவதற்காக முன்னால் டார்ஷன் பாரை முறுக்கி இரண்டு அங்குலம் தூக்கினோம். அப்போதிருந்து முன் டயர்களின் வெளி ஓரம் வேகமாகத் தேய்கிறது. வேகத்தடை ஏறி இறங்கினால் 'டக்' என்று சத்தம். வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நேராக வருவதில்லை, நான்தான் இழுத்து விட வேண்டியிருக்கிறது. பல இடங்களில் அலைன்மென்ட் பார்த்துவிட்டேன், எல்லோரும் 'ஓகே சார்' என்றுதான் அனுப்புகிறார்கள். (தேனி வாசகர்)

பதில்: நீங்கள் சொல்லும் மூன்று தொல்லையும் பெரும்பாலும் அந்த இரண்டு அங்குலத்திலிருந்தே வருகின்றன. அலைன்மென்ட் மெஷினில் ஏற்றுவதற்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் இது.

2010 முதல் 2020 வரை வந்த உங்கள் தாரில் பின்னால்தான் பட்டை ஸ்பிரிங். முன்னால் இரண்டு சக்கரமும் தனித்தனியாக இயங்கும் சஸ்பென்ஷன், அதற்கு ஸ்பிரிங்காக இருப்பது டார்ஷன் பார் எனும் நீண்ட இரும்புக் கம்பி. ஒரு முனை, சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோடு சேர்ந்திருக்கும், மறுமுனை சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) ஒரு அட்ஜஸ்டர் போல்ட்டின் மேல் நிற்கும். அந்த போல்ட்டை முறுக்கினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அப்படியில்லை, கம்பியின் விறைப்பு அதேதான், ஆர்ம் நிற்கும் கோணம்தான் மாறுகிறது, வண்டி மேலே போகிறது. பிறகு ஏன் வண்டி கல் மாதிரி ஓடுகிறது என்றால், சக்கரம் கீழே தொங்குவதற்கு இருந்த இடம் தீர்ந்துபோய்விட்டது. ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு, வண்டி சமதளத்தில் தன் எடையில் நிற்கும்போதே முன்சக்கரத்துக்குப் பின்னால் பாருங்கள். ஆர்ம் கீழே இறங்கும்போது போய் முட்டுவதற்கென்று ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அதற்கும் ஆர்முக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்குக்கூட இடைவெளி இல்லை என்றால், உங்கள் 'டக்' சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். வேகத்தடையைத் தாண்டி சக்கரம் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆர்ம் அந்தக் கட்டையில் அடிக்கிறது. கூடவே ஆர்மையும் சக்கரத்தையும் இணைக்கும் பால் ஜாயின்ட்டும், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியென்றால் முன் டிரைவ் ஷாஃப்டின் சி.வி. ஜாயின்ட்டும் (வளைந்தபடியே சுழலும் இணைப்பு), எப்போதும் கடைசிக் கோணத்திலேயே வேலை செய்கின்றன. முதலில் கிழிவது அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறையான பூட்தான்.

வெளி ஓரம் தேய்வதற்கு வருவோம். இந்த வகை சஸ்பென்ஷனைத் தூக்கினால் பெரும்பாலும் சக்கரத்தின் மேல்பகுதி வெளியே சாயும், அது பாசிட்டிவ் கேம்பர். ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராட் நிற்கும் கோணமும் ஆர்மின் கோணமும் ஒத்துப்போகாததால் டோவும், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவும், மாறிவிடும். காஸ்டர், அதாவது ஸ்டியரிங் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறையும். சக்கரத்தை நேராக இழுத்து வருவதே அந்தச் சாய்வுதான் என்பதால் ஸ்டியரிங் சோம்பிப் போகிறது. (பால் ஜாயின்ட் இறுகிப்போனாலும் இதே அறிகுறி வரும், அதையும் பார்த்துவிடுங்கள்.)

அப்படியானால் எல்லா இடத்திலும் ஏன் 'ஓகே' என்றார்கள்? நிறைய இடங்களில் டோவை மட்டும்தான் திருத்துகிறார்கள். டை ராட் நட்டைத் தளர்த்தித் திருகினால் முடியும் வேலை அது. கேம்பரும் காஸ்டரும் அப்படியில்லை, ஆர்மைத் தளர்த்தி ஷிம் எனும் மெல்லிய தகடுகளைச் சேர்க்கவோ எடுக்கவோ வேண்டும், நேரம் பிடிக்கும், அந்த அளவு ஷிம் கடையில் இருக்கவும் வேண்டும். அதனால் திரையில் டோ பச்சைக்கு வந்ததும் வண்டியை இறக்கிவிடுகிறார்கள்.

நான் என்றால் முதலில் உயரத்தைக் குறைப்பேன். 245/75 ஆர்16 டயரின் விட்டம் கிட்டத்தட்ட 774 மி.மீ., கம்பெனி கொடுத்த 235/70 ஆர்16 டயருக்கு 735 மி.மீ. அந்த 39 மி.மீ. வித்தியாசத்தில் பாதி, அதாவது முக்கால் அங்குலம், டயரே உங்களுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டது. சஸ்பென்ஷனில் அதற்கு மேல் ஒரு அங்குலம் போதும். அந்த ஒரு அங்குலத்தில் டயர் எங்காவது உரசினால் பம்பர் ஓரத்தையோ உள் லைனரையோ கொஞ்சம் சரிசெய்து கொள்ளலாம், அதற்காக ஆர்மை வளைத்துத் தொங்கவிட வேண்டியதில்லை.

உயரத்தை அளக்கும்போது தரையிலிருந்து அளக்காதீர்கள், டயர் மாறினால் கணக்கும் மாறிவிடும். சக்கர மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வையுங்கள். தூக்காத ஒரு தார் கிடைத்தால் அதிலும் அளந்துகொள்ளுங்கள், அதுதான் உங்கள் அசல் கணக்கு. அட்ஜஸ்டர் போல்ட்டைத் தொடுவதற்கு முன் சேசிஸை ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைத் தொங்கவிட்டுவிடுங்கள். எடை ஏறிய நிலையில் அந்த போல்ட்டைத் திருகினால் மரை போய்விடும். பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு எத்தனை சுற்று என்று எண்ணித் திருப்புங்கள், கீழே இறக்கி, கொஞ்ச தூரம் ஓட்டி, சஸ்பென்ஷன் உட்கார்ந்த பிறகு மறுபடியும் அளங்கள். இறக்கிய உடனே எடுக்கும் அளவை நம்ப வேண்டாம். இடது, வலது இரண்டும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும், இரண்டு போல்ட்டும் ஒரே சுற்றில் நிற்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கம்பியைக் கழற்ற நேர்ந்தால் இடதை இடதிலேயே மாட்டுங்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் முறுக்கு வாங்கிப் பழகியவை, மாற்றி மாட்டினால் நாளடைவில் உடையும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் அலைன்மென்ட். அங்கே போய், 'கேம்பர், காஸ்டர் முதலில், டோ கடைசியில்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். மேல் ஆர்மில் ஷிம் வைக்கும் வண்டிகளில் இரண்டு போல்ட்டிலும் ஒரே அளவு ஷிம் மாற்றினால் கேம்பர் மாறும், முன்னும் பின்னும் வேறு வேறாக மாற்றினால் காஸ்டர் மாறும். இவற்றில் எதைத் தொட்டாலும் டோ கலையும் என்பதால்தான் அது கடைசி.

கேள்வி: அலைன்மென்ட் கடையில் தரும் தாளில் ஏகப்பட்ட எண்கள். எதைப் பார்ப்பது? (விருதுநகர் வாசகர்)

பதில்: முதலில் இரண்டு தாள் கேட்டு வாங்குங்கள், வேலைக்கு முன் ஒன்று, பின் ஒன்று. பின்னால் எடுத்தது மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்து, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். தூக்கிய வண்டியில் கேம்பர் கம்பெனி அளவிலிருந்து கொஞ்சம் விலகியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் இன்னொன்றுமாக அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வண்டி இழுக்கும். காஸ்டர் கட்டத்தில் எண்ணே இல்லாமல் காலியாக இருந்தால் அவர்கள் அதை அளக்கவே இல்லை என்று பொருள். காஸ்டர் அளக்க ஸ்டியரிங்கை இடமும் வலமும் திருப்பிக் காட்ட வேண்டும், அந்த வேலையைப் பல இடங்களில் தவிர்த்துவிடுகிறார்கள்.

டோ எண் டிகிரியிலா மி.மீட்டரிலா என்றும் பாருங்கள். பெரிய டயர் போட்டவர்களுக்கு டிகிரிதான் பாதுகாப்பு. 16 அங்குல ரிம்மில் 2 மி.மீ. என்றால் ஏறக்குறைய 0.28 டிகிரி. அதே கோணத்தை 774 மி.மீ. டயரின் ஓரத்தில் அளந்தால் 3.8 மி.மீ. வரும். எங்கே அளந்தது என்று தெரியாமல் மி.மீ. கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு திருகினால் பாதி டோதான் கிடைக்கும்.

கேள்வி: ராணுவ ஏலத்தில் வந்த ஜிப்ஸி. நீளமான ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் துண்டு), பெரிய டயர் போட்டிருக்கிறேன். 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் போதும், முன்பக்கம் முழுக்க உதற ஆரம்பிக்கிறது, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை, கிட்டத்தட்ட நிறுத்திய பிறகுதான் அடங்குகிறது. புது ஸ்டியரிங் டேம்பர் (ஸ்டியரிங் அதிர்வை அடக்குவது) போட்டேன், ஒரு மாதம் நன்றாக இருந்தது, மறுபடி வந்துவிட்டது. (கொடைக்கானல் வாசகர்)

பதில்: இதைத் தள்ளிப்போடாதீர்கள், அதுவும் மலைப்பாதையில். காரணம் கண்டுபிடிக்கும் வரை வண்டியை வேகமாக ஓட்டவே வேண்டாம். வழியில் உதறல் வந்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி மெதுவாக வேகத்தைக் குறையுங்கள்.

ஜிப்ஸிக்கு முன்னாலும் ஒரே இரும்பு ஆக்ஸில்தான், அதன் இரு நுனியிலும் சக்கரங்கள் கிங்பின் எனும் அச்சின் மேல் திரும்புகின்றன. இந்த உதறல் இப்படிப்பட்ட வண்டிகளுக்கே உரிய வியாதி. எங்கோ ஆட்டம் இருக்கிறது, காஸ்டரும் குறைந்திருக்கிறது, கனமான டயர் அதைப் பெரிதாக்குகிறது. புது டேம்பர் அந்த ஆட்டத்தை ஒரு மாதம் அமுக்கி வைத்திருந்தது, அவ்வளவுதான். டேம்பரைக் கழற்றிவிட்டாலும் வண்டி உதறாமல் ஓட வேண்டும், அப்போதுதான் ஆக்ஸில் சரியாக இருக்கிறது என்று பொருள்.

ஆட்டத்தைத் தேடும் முறை இது. முன் ஆக்ஸிலை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் அது வீல் பேரிங், போகவில்லை என்றால் கிங்பின் பேரிங். ஜிப்ஸியில் கிங்பின் மேலும் கீழும் டேப்பர் பேரிங்கில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இறுக்கத்தை ஷிம் வைத்துத்தான் கொண்டுவர வேண்டும், பல வருடம் நேராகவே ஓடிய வண்டியில் பேரிங் கிண்ணத்தில் உருளைகள் பதிந்த தழும்பு விரல் நகத்துக்கே தட்டுப்படும். தழும்பு இருந்தால் ஷிம் வைத்து ஒப்பேற்றாமல் பேரிங்கையே மாற்றிவிடுங்கள். அப்புறம் சக்கரத்தின் இடது வலது ஓரங்களைப் பிடித்து ஆட்டுங்கள், டை ராட் எண்ட் (டை ராடின் முனை ஜாயின்ட்), டிராக் லிங்க் (ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் தண்டு) இவற்றின் தேய்மானம் அதில் தெரியும். கடைசியாக வண்டியைத் தரையில் இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒருவர் ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருக்க, நீங்கள் ஒவ்வொரு ஜாயின்ட்டாகக் கை வைத்துப் பாருங்கள். ஸ்டியரிங் பாக்ஸை சேசிஸில் பிடித்திருக்கும் போல்ட், பட்டையின் புஷ் (முனையில் உள்ள ரப்பர் உறை), ஷேக்கிள் புஷ் எல்லாமே இதில் அடங்கும்.

இனி ஷேக்கிள். ஜிப்ஸியின் முன் பட்டையில் ஷேக்கிள் இருப்பது வண்டியின் மூக்குப் பக்கம். அதை நீளமாக்கினால் பட்டையின் முன் முனை சேசிஸை விட்டு இறங்குகிறது, பட்டையோடு ஆக்ஸிலும் உருண்டு அதன் மேல்பகுதி முன்பக்கம் சாய்கிறது. காஸ்டர் அப்படித்தான் போனது. இதற்கு ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவில் ஆப்பு வடிவ ஷிம் வைப்பார்கள். ஜிப்ஸியில் ஆக்ஸில் பட்டையின் மேல் உட்கார்ந்திருப்பதால் ஆப்பின் தடித்த பக்கம் முன்னால் வர வேண்டும். யாராவது பட்டையை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றியிருந்தால் இது தலைகீழ், தடித்த பக்கம் பின்னால். திசை மாறி வைத்தால் உதறல் இன்னும் மோசமாகும், அதனால் மாட்டுவதற்கு முன் நின்று யோசித்துவிடுங்கள். அலுமினியத்தில் வரும் ஆப்பு நசுங்கிப் போகும், இரும்பிலேயே போடுங்கள், பட்டையையும் ஆக்ஸிலையும் சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டைக் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு மறுபடி இறுக்குங்கள். இதில் ஒரு விலையும் உண்டு: காஸ்டரைக் கூட்ட ஆக்ஸிலைப் பின்னால் சாய்த்தால் முன் டிஃபரன்ஷியலின் மூக்கு கீழே இறங்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடும், 4 வீல் போட்டு ஓட்டும்போது அதிர்வு வரலாம். ஆப்பு பெரிதாகப் பெரிதாக இந்தச் சிக்கலும் பெரிதாகும். எனக்குக் கேட்டால் நீள ஷேக்கிளைக் கழற்றி எறிந்துவிட்டு அசல் ஷேக்கிளைப் போடுங்கள், உயரம் வேண்டுமென்றால் நல்ல வளைவோடு பட்டைக் கட்டு செய்து வாங்குங்கள். முன்னும் பின்னும் சமமாக உயர்வதால் ஆக்ஸில் அவ்வளவாக உருளாது.

கேள்வி: எங்கள் ஊரில் அலைன்மென்ட் கடை இல்லை, 40 கி.மீ. போக வேண்டும். டை ராட் எண்ட் மாற்றியிருக்கிறோம். அதுவரை ஓட்டுவதற்கு வீட்டிலேயே டோ பார்க்க முடியுமா? அண்ணனும் நானும்தான் வண்டி வேலை செய்கிறோம். (திருவண்ணாமலை மாவட்ட வாசகி)

பதில்: தாராளமாக. இருவர் இருந்தால் வேலை சுலபம். டயர் காற்றைச் சரிபார்த்து, சமமான சிமென்ட் தரையில் வண்டியை நேராக நிறுத்துங்கள். முன் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி, கையால் சுழற்றியபடி டயரின் நடுவில் ஆணியை அசையாமல் பிடித்து மெல்லிய கோடு போடுங்கள். முன்னதாகச் சாக்பீஸ் பூசி வைத்தால் கோடு பளிச்சென்று தெரியும். வண்டியை இறக்கி, பானெட்டை நாலைந்து முறை அமுக்கிவிட்டு, கொஞ்சம் பின்னால் போய் மறுபடி முன்னால் தள்ளி நிறுத்துங்கள். கடைசி நகர்வு முன்னோக்கி இருக்க வேண்டும்.

சக்கர மையத்தின் உயரத்தில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே முன்பக்கம் அளந்துகொள்ளுங்கள், அளந்த இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இப்போது வண்டியை முன்னால் தள்ளி, அதே புள்ளிகள் பின்பக்கம் அதே உயரத்துக்கு வரும்போது மறுபடி அளங்கள். அதே புள்ளிகளை அளப்பதால் ரிம் கோணலாக இருந்தாலும் கணக்கு கெடாது. நடுவில் இன்ஜின் சம்ப் மறித்தால் தூக்குக் குண்டு பிடித்துத் தரையில் குறித்து அளக்கலாம். முன் அளவு குறைவாக இருந்தால் டோ-இன். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு பக்க டை ராடும் தனித்தனியாகத் திருகக்கூடியது என்றால் இரண்டையும் சம அளவு திருப்புங்கள், இல்லையென்றால் ஸ்டியரிங் வீல் கோணிக்கொள்ளும்.

இதில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், ஒரு சக்கரம் அரை டிகிரி விலகி நின்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே ஓடுகிறது. புது டயர் ஒரு மழைக்காலம்கூடத் தாண்டாமல் போவதற்கு அது போதும். ஓட்டிய பிறகு டயர் மேல் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் மாதிரி சொரசொரப்பாகவும் இருந்தால் டோ இன்னும் சரியில்லை.

கேள்வி: 2011 ஃபார்ச்சூனர், முன்னால் ஸ்பேசர் (ஷாக் அப்சார்பருக்கு மேல் வைக்கும் தடித்த துண்டு) போட்டு உயர்த்தியது. அலைன்மென்ட் மெஷினில் சரிசெய்யும்போது கேம்பர் சரியாக வருகிறது, வீட்டுக்கு வருவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. (தூத்துக்குடி வாசகர்)

பதில்: நீங்கள் கடற்கரை ஊர் என்பதால் சந்தேகம் நேராக கேம் போல்ட் (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) மேல் போகிறது. அந்தத் தலைமுறை ஃபார்ச்சூனரில் கேம்பரும் காஸ்டரும் கீழ் ஆர்மின் உள்முனையில் இருக்கும் கேம் போல்ட்டைத் திருப்பித்தான் வைக்க வேண்டும். அந்த போல்ட் புஷ்ஷின் உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால், தலையைத் திருப்பும்போது போல்ட் சுழலாமல் புஷ்ஷின் ரப்பர் முறுகும். திரையில் எண் நகரும், பார்ப்பவருக்கு வேலை நடப்பதாகவே தெரியும். கடையை விட்டுக் கிளம்பி நாலு பள்ளம் தாண்டியதும் ரப்பர் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

துரு நீக்கும் ஆயிலை இரவு முழுக்க ஊறவிட்டுப் பார்க்கலாம். அசையவில்லை என்றால் தீயைக் காட்டாதீர்கள், புஷ் வெந்துவிடும். ஆர்மின் இருபுறமும் போல்ட்டை அறுத்து எடுத்து, புஷ், கேம் போல்ட் இரண்டையும் புதிதாகப் போடுவதுதான் முடிவான வழி. புது போல்ட்டில் தண்டு முழுக்க செம்பு கிரீஸ் தடவச் சொல்லுங்கள். கடைசி இறுக்கம் வண்டி தன் எடையில் நிற்கும்போதுதான்.

ஸ்பேசரையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் ஆர்மின் நடுவில் பிடித்திருப்பதால் மேலே வைக்கும் ஸ்பேசர் ஒரு அங்குலத் தடிமன் என்றால் சக்கரத்தில் இரண்டு அங்குலத்துக்கு நெருக்கமாக உயரம் கூடிவிடும். இது தெரியாமல் இரண்டு அங்குல உயரத்துக்கு இரண்டு அங்குலத் தடிமனிலேயே ஸ்பேசர் வைத்துவிடுபவர்கள் உண்டு. சக்கரத்தில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போயிருந்தால் கேம் போல்ட்டை எவ்வளவு திருப்பினாலும் காஸ்டர் போதாது, அதற்கென்று கோணம் மாற்றிச் செய்த மேல் ஆர்ம் வாங்க வேண்டும், அல்லது ஸ்பேசரைக் குறைக்க வேண்டும். நான் ஸ்பேசரைத்தான் குறைப்பேன்.

கேள்வி: முன் அலைன்மென்ட் எல்லாம் சரி என்கிறார்கள், ஆனால் நேர் ரோட்டில் ஸ்டியரிங் வீல் இடதுபக்கம் சாய்ந்தே நிற்கிறது. பின்னால் உயரம் கூட்ட பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் இரும்பு பிளாக் வைத்திருக்கிறோம். (ஓசூர் வாசகர்)

பதில்: முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னால் போங்கள். பட்டையையும் ஆக்ஸிலையும் ஒரே இடத்தில் பிடித்து வைப்பது பட்டையின் நடு போல்ட். பிளாக் வைக்கும்போது அதன் தலை பிளாக்கின் குழியில் சரியாக உட்காரவில்லை என்றாலோ, போல்ட் அறுந்திருந்தாலோ, ஒரு பக்க ஆக்ஸில் சில மி.மீ. பின்வாங்கிவிடும். வண்டி நண்டு போலக் கோணலாக ஓடும், அதை நேராக்க நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்கிறீர்கள். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இருபுறமும் டேப் வைத்து அளங்கள், ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். இரண்டும் ஒத்துவரவில்லை என்றால் யூ போல்ட்டைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். பிளாக் மேல் பிளாக் அடுக்கியிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பழைய பொலிரோ இடதுபக்கம் இழுக்கிறது. அலைன்மென்ட்தானே? (அரியலூர் வாசகர்)

பதில்: இருக்கலாம், ஆனால் முதலில் காசு செலவில்லாத சோதனைகள். முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் வலது பக்கத்துக்கு மாறினால் குற்றம் டயரில். மாறவில்லை என்றால் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி, ரிம் பக்கத்தில் கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். இடது சக்கரம் மட்டும் அனலடித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கிறது. நம் ரோடுகள் தண்ணீர் வடிவதற்காக இடது ஓரம் சரிந்திருப்பதால் லேசான இடது இழுப்பு எல்லா வண்டியிலும் இருக்கும், ரோட்டின் வலது பாதிக்குள் போய்ப் பார்க்க வேண்டாம், சமமான காலி மைதானத்தில் பாருங்கள். இவ்வளவுக்கும் பிறகு இழுத்தால் அலைன்மென்ட்.

கேள்வி: வண்டியை உயர்த்துவது சட்டப்படி சரியா? (மதுரை வாசகர்)

பதில்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியது. 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்கப் போகும்போதோ, விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போதோ இந்தக் கேள்வி வந்து நிற்கும். கம்பெனி அனுமதித்த டயர் அளவுக்குள்ளும் அசல் உயரத்துக்குள்ளும் இருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. தேய்ந்து உட்கார்ந்துபோன பட்டையையோ ஸ்பிரிங்கையோ மாற்றினாலே பழைய வண்டி கணிசமாக நிமிரும், பலருக்கு வேண்டிய உயரம் அதிலேயே கிடைத்துவிடுகிறது.

கேள்வி: ஏற்கனவே யாரோ உயர்த்திய பழைய வண்டி ஒன்றை வாங்கப் போகிறேன். முன்பக்கத்தில் எதைப் பார்ப்பது? (கோவை வாசகர்)

பதில்: முன் டயர்களைப் பாருங்கள், ஆனால் புது டயராக இருந்தால் ஏமாறாதீர்கள், ஸ்டெப்னியையும் பின் டயர்களையும் பாருங்கள், முன்னால் தேய்ந்ததைப் பின்னால் மாற்றியிருப்பார்கள். பால் ஜாயின்ட், சி.வி. ஜாயின்ட் பூட்களில் விரிசலோ கிரீஸ் தெறித்த தடமோ இருக்கிறதா என்று பாருங்கள். டை ராட் நட்டுகளில் புதிதாக ஸ்பேனர் பட்ட பளபளப்பு இருந்தால் விற்பதற்காக நேற்று டோ வைத்திருக்கிறார்கள் என்று பொருள், ஏன் வைத்தார்கள் என்று கேளுங்கள். காலி ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் லேசாக வளைத்து, கையை ஸ்டியரிங்கிலேயே தளர்வாக வைத்துப் பாருங்கள், அது தானாக நேராக வர வேண்டும்.

அப்புறம் பிரேக், இதை நிறையப் பேர் பார்ப்பதே இல்லை. முன் சக்கரத்தைத் தொங்கவிட்டு இருபுறமும் முழுக்கத் திருப்பி, பிரேக் ஹோஸ் எங்கும் விறைத்து நிற்கவில்லை என்று உறுதி செய்யுங்கள். பின் ஆக்ஸிலிலிருந்து ஒரு சின்னக் கம்பி சேசிஸில் இருக்கும் வால்வுக்குப் போகிறதா பாருங்கள். பின்பக்கம் எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்பதை வைத்து, பாரம் இருந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் வால்வு அது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைத் திருத்தாமல் விட்டால், ஆள் ஏற்றினாலும் வண்டி காலி என்றே அது நினைக்கும், பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் எல்லாவற்றையும் சுமக்கும். அந்தக் கம்பி கழன்று தொங்கினாலோ வளைத்துக் கட்டியிருந்தாலோ விலை பேசுவதற்கு முன் அதைச் சரிசெய்து தரச் சொல்லுங்கள்.